புட்டி பெரிதா, விருந்தாளி பெரியவரா?

பிரான்சு நாட்டில் ஒருவர் "எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள்" என்று நண்பர்களை அழைத்தால், அது அரை மணி நேரத்தில் முடிகிற காரியம் அல்ல. இரவு எட்டு மணிக்கு மேஜையில் உட்கார்ந்தால், எழுந்திருக்கப் பதினொரு மணி ஆகும். பன்னிரண்டு ஆனாலும் யாரும் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார்கள்.

எல்லாப் பதார்த்தங்களும் ஒரே சமயத்தில் வருவது இல்லை. முதலில் ஒன்று வரும். அதைச் சாப்பிட்டு, தட்டை எடுத்த பிறகு அடுத்தது வரும். இப்படி நாலு அல்லது ஐந்து தடவை. ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஏற்ற ஒரு திராட்சை மது. அதைத்தான் 'ஒயின்' என்கிறார்கள்.

இந்த வழக்கத்தை உலகமே அறியும். 2010-ம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி, கலாசார அமைப்பான 'யுனெஸ்கோ', பிரெஞ்சுக்காரர்களின் விருந்தை மனித குலம் காப்பாற்ற வேண்டிய வழக்கங்களின் பட்டியலில் சேர்த்தது.

அந்தப் பட்டியலில் ஏறியது எது? எந்தக் குழம்பும் அல்ல. எந்த மதுவும் அல்ல. பிறந்த நாள், கலியாணம், நெடுநாள் பிரிந்தவர்களின் சந்திப்பு போன்ற நல்ல நாட்களில் மனிதர்கள் கூடி உட்கார்ந்து சாப்பிடுகிறார்களே, அந்த வழக்கம்தான் ஏறியது.

இதைப் பல பேர் மறந்து விடுகிறார்கள். விருந்து என்றாலே விலை உயர்ந்த புட்டி என்று நினைக்கிறவர்கள் பிரான்சிலும் இருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பழகிய மற்ற நாடுகளிலும் இருக்கிறார்கள். யார் வீட்டு மேஜையில் எந்தப் புட்டி இருந்தது என்பதே பேச்சாகி விடுகிறது. யார் யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்பது பின்னுக்குப் போய் விடுகிறது. இது சரியல்ல. பிரெஞ்சு விருந்து முறையை உள்ளே போய்ப் பார்த்தால், அது சரியல்ல என்பதை அந்த முறையே சொல்லும்.

ஒரு நாட்டின் வழக்கத்தைச் சொல்வது, குடிக்கச் சொல்வது ஆகாது. குடிக்காதவருக்கும் அந்த மேஜையில் மரியாதையான இடம் உண்டா என்பதுதான் இங்கே பார்க்க வேண்டிய விஷயம்.

ருஷியாவில் இருந்து வந்த முறை

ஒன்றன் பின் ஒன்றாகப் பரிமாறுவது பிரெஞ்சுக்காரர்களின் சொந்த வழக்கம் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை.

அரசர்கள் காலத்தில் பிரான்சின் பெரிய வீடுகளில் பல பதார்த்தங்களை ஒரே சமயத்தில் மேஜையில் பரப்பி வைத்தார்கள். கைக்கு எட்டியதை எடுத்துச் சாப்பிட வேண்டியதுதான். எட்டாதது எட்டாததுதான்! பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வாயில் வைப்பதற்குள் பாதி பதார்த்தம் ஆறிப் போகும்.

19-ம் நூற்றாண்டில் ருஷியர்களின் வழக்கம் பாரிசுக்கு வந்தது. சமையல் அறையில் இருந்து ஒவ்வொன்றாகச் சூடாகக் கொண்டு வந்து, எல்லோருக்கும் ஒரே மாதிரி பரிமாறும் முறை அது. பணக்காரர் முன்னால் ஒரு பதார்த்தம், கடைசியில் உட்கார்ந்தவர் முன்னால் வேறு பதார்த்தம் என்பது போயிற்று. இன்று பிரெஞ்சு முறை என்று உலகம் கொண்டாடுவது இந்த ருஷிய முறையைத்தான்.

பர்கண்டி மேஜை

பிரான்சில் பல திராட்சைச் சீமைகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று பர்கண்டி. பாரிசுக்குத் தென்கிழக்கே இருக்கிறது. டிஜோன் என்பது அதன் பெரிய நகரம். டிஜோனுக்குத் தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரத்தில் போன் என்று ஒரு சிறிய நகரம். இரண்டுக்கும் நடுவே சாய்வான குன்றுகள். குன்றுகளின் மேல் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள்.

அந்த ஊர்க்காரர்கள் விருந்துக்கு ஒரு சுலபமான விதி வைத்திருக்கிறார்கள். எந்த மண்ணில் விளைந்ததைச் சமைக்கிறோமோ, அந்த மண்ணில் விளைந்த ஒயினையே அதனோடு வை என்பதுதான் அந்த விதி. பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். பாட்டி காலத்தில் இருந்து ஒரே அடுப்பில் சேர்ந்து பழகியவை சேர்ந்துதானே இருக்கும்!

இதில் ஒரு காரணமும் இருக்கிறது. வெள்ளை ஒயினில் புளிப்பு உண்டு. வெண்ணெய் கலந்த பதார்த்தத்தைச் சாப்பிடும்போது, அந்தப் புளிப்பு வாயைச் சுத்தம் செய்கிறது. நெய்ச் சோற்றுக்கு ஊறுகாய் தொட்டுக் கொள்வது மாதிரி என்று வைத்துக் கொள்ளலாம். சிவப்பு ஒயினில் திராட்சைத் தோலில் இருந்து வந்த துவர்ப்பு உண்டு. இறைச்சியின் கொழுப்போடு சேரும்போது அந்தத் துவர்ப்பு மெத்தென்று ஆகி விடுகிறது.

பர்கண்டி வீட்டு விருந்து எப்படி நடக்கிறது?

விருந்தாளிகள் வந்ததும் முதலில் கையில் ஒரு சிறிய கிளாஸ் கொடுப்பார்கள். அலிகோத்தே என்ற சாதாரண வெள்ளை ஒயினில், காசிஸ் என்னும் கறுப்புப் பழத்தின் இனிப்பு மதுவைக் கொஞ்சம் கலந்தது. அதன் பெயர் 'கீர்'. ஒரு பாதிரியாரின் பெயர் அது! பெலிக்ஸ் கீர் என்ற அந்தப் பாதிரியார் 1945-ம் ஆண்டு முதல் 1968-ல் இறக்கும் வரை டிஜோன் நகரின் மேயராக இருந்தார். நகரசபைக்கு யார் வந்தாலும் உள்ளூர்ப் பழமும் உள்ளூர் ஒயினும் கலந்த இந்தப் பானத்தையே கொடுத்து உபசரித்தார். கடைசியில் அவர் பெயரே அதற்கு நிலைத்து விட்டது.

அதோடு கடிக்க, பாலாடைக் கட்டி சேர்த்துச் சுட்ட உப்பலான சிறு பலகாரம்.

பிறகு நத்தை! பூண்டும் பசுந்தழையும் வெண்ணெயும் வைத்துச் சூடாக்கிய நத்தை. முகம் சுளிக்க வேண்டாம். அவர்களுக்கு அது விருந்துப் பண்டம். அதற்கு, பர்கண்டியின் வட கோடியில் உள்ள ஷாப்லியின் வெள்ளை ஒயின்.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 'பர்கண்டி நத்தை' என்பது பெயர்தான். காட்டில் நத்தைகள் குறைந்து விட்டதால், 1979-ம் ஆண்டில் அவற்றைப் பிடிப்பதற்குப் பிரெஞ்சு சர்க்கார் கட்டுப்பாடு விதித்தது. மேஜைக்கு வருகிற நத்தையில் பெரும்பகுதி கிழக்கு ஐரோப்பாவில் இருந்து வருகிறது. டிஜோன் கடுகு விழுதின் கதையும் இதுதான். கடுகு பெரும்பாலும் கனடாவில் விளைகிறது. 2021-ல் கனடாவில் மழை பொய்த்தது. 2022-ல் டிஜோன் கடைகளிலேயே கடுகு விழுது கிடைக்கவில்லை. ஆகவே, "எங்கள் மேஜையில் எல்லாம் எங்கள் மண்ணில் விளைந்தவை" என்று மார் தட்டிக் கொள்கிறவர்கள் கொஞ்சம் அடக்கமாகத் தட்டுவது நல்லது.

சமைத்தவள் எங்கே உட்காருகிறாள்?

நத்தைக்குப் பிறகு முக்கியமான பதார்த்தம் வரும். பர்கண்டியில் அது மாட்டிறைச்சிக் குழம்பு. கடினமான, விலை குறைந்த இறைச்சித் துண்டுகளை எடுத்து, வெங்காயம், கேரட், காளான், உப்புப் பன்றி இறைச்சி ஆகியவற்றோடு சிவப்பு ஒயினில் போட்டு, சிறு தீயில் மூன்று மணி நேரம் வேக வைப்பார்கள். பணக்காரர் வீட்டுச் சமையல் அல்ல இது. நல்ல துண்டு வாங்க முடியாத குடியானவர்கள் கண்டுபிடித்தது.

இந்தக் குழம்பில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இதை முதல் நாளே செய்து வைத்து விடலாம். மறு நாள் சூடு காட்டினால் ருசி கூடுமே தவிரக் குறையாது.

அதனால் என்ன லாபம்? வீட்டுக்காரி அடுப்படியில் வெந்து கொண்டிருக்க வேண்டியது இல்லை. விருந்தாளிகளோடு மேஜையில் உட்காரலாம். பேசலாம். சிரிக்கலாம். நாலு பேர் சிரிக்கும்போது ஒருத்தி மட்டும் உள்ளே புகையில் நின்றால், அந்த விருந்தில் பாதி பழுது. பெரிய ஓட்டல் சமையலை வீட்டில் செய்து காட்ட ஆசைப்படுகிறவர்கள் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள். ஏழு பதார்த்தம் எழுதி வைத்துக் கொண்டு ஏழுக்கும் எழுந்து ஓடுகிறார்கள். விருந்தாளிகள், "பாவம், உட்காருங்களேன்" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்து போகிறார்கள்.

இந்தக் குழம்புக்கு, போன் நகரைச் சுற்றி விளையும் சிவப்பு ஒயின். அது 'பினோ நுவார்' என்ற திராட்சையில் செய்தது. தோல் மெல்லியது, வளர்ப்பது கஷ்டம். 1395-ம் ஆண்டில் பர்கண்டியை ஆண்ட பிலிப் பிரபு, 'கமே' என்ற வேறொரு திராட்சைக் கொடியைப் பிடுங்கி எறியச் சொல்லி உத்தரவு போட்டார். அது அதிகம் காய்க்கும். ஆனால் ஒயின் மட்டம் என்பது அவர் கட்சி. பிடுங்கப்பட்ட கமே தெற்கே போஜொலே பக்கம் போய்த் தழைத்தது. இன்று சாமானியர்கள் கட்டுப்படியாகும் விலையில் வாங்கிக் குழம்போடு வைப்பது அதைத்தான். பிரபு தோற்றார் என்றே சொல்ல வேண்டும்.

குழம்புக்குப் பிறகு பாலாடைக் கட்டி. பர்கண்டியில் எப்வாஸ் என்று ஒரு கிராமம். அந்தக் கிராமத்தின் பெயர் கொண்ட கட்டியின் வாசனை பக்கத்து அறை வரைக்கும் போகும். இரண்டு உலக யுத்தங்களுக்குப் பிறகு அதைச் செய்வோரே அநேகமாக இல்லாமல் போனார்கள். 1956-ல் அந்த ஊர்க் குடியானவக் குடும்பம் ஒன்று மறுபடியும் செய்யத் தொடங்கியதால்தான் அது பிழைத்தது. இதற்குச் சிவப்பு ஒயின்தான் என்று பழைய ஆட்கள் அடித்துச் சொல்வார்கள். ஆனால் இவ்வளவு காட்டமான கட்டியின் முன்னால் மெல்லிய சிவப்பு ஒயின் நிற்காது. வெள்ளை ஒயின் ஓரளவு தாக்குப் பிடிக்கும்.

கடைசியில் இனிப்பு. பேரிக்காயை ஒயினிலும் சர்க்கரையிலும் வேக வைத்தது. பிறகு காப்பி.

இரண்டு காட்சிகள்

போன் நகரில் பல நிறங்களில் ஓடு வேய்ந்த பழைய தர்ம ஆஸ்பத்திரிக் கட்டிடம் ஒன்று இருக்கிறது. 1443-ம் ஆண்டில் நிக்கோலா ரோலன் என்ற மந்திரியும் அவர் மனைவியும் ஏழை நோயாளிகளுக்காக அதை நிறுவினார்கள். நீண்ட யுத்தத்தால் நாடு பஞ்சத்தில் கிடந்த காலம் அது. பிறகு பலரும் தங்கள் திராட்சைத் தோட்டங்களை அந்த ஆஸ்பத்திரிக்கு எழுதி வைத்தார்கள். 1859-ம் ஆண்டு முதல், அந்தத் தோட்டங்களின் ஒயினைப் பகிரங்கமாக ஏலம் விடுகிறார்கள். நவம்பர் மாதத்தில் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஏலம். பணம் ஆஸ்பத்திரிக் காரியங்களுக்குப் போகிறது. பழைய கட்டிடத்தில் 1971 வரை நோயாளிகளைப் பார்த்தார்கள். இப்போது அது பொருட்காட்சிச் சாலை; வைத்தியம் புதிய கட்டிடங்களில் நடக்கிறது.

ஏலத்துக்கு மறு நாள், பக்கத்தில் உள்ள மெர்சோ கிராமத்தில் ஒரு பெரிய விருந்து. அறுவடை முடிந்ததும் தோட்ட முதலாளியும் கூலி ஆட்களும் சேர்ந்து சாப்பிடும் பழைய வழக்கம் ஒன்று இருந்தது. அதை 1923-ல் ழூல் லபோன் என்ற தோட்டக்காரர் நண்பர்களை அழைத்துப் புதுப்பித்தார். இன்று நூற்றுக்கணக்கான பேர் வருகிறார்கள். அங்கே ஒரு விசேஷம்: ஒவ்வொருவரும் தங்கள் புட்டியைத் தாங்களே கொண்டு வர வேண்டும். தனக்கு மட்டும் ஊற்றிக் கொண்டு உட்கார முடியாது. பக்கத்து மேஜைக்காரருக்கும் எதிர் மேஜைக்காரருக்கும் ஊற்றிக் கொண்டே போக வேண்டும்.

இது ஒரு காட்சி. இன்னொரு காட்சியும் உண்டு.

அதே பர்கண்டியில் ரொமானே-கோந்தி என்று ஒரு தோட்டம். நாலரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. 2018-ம் ஆண்டில் அந்தத் தோட்டத்தின் 1945-ம் வருஷத்துப் புட்டி ஒன்று நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது. ஒரே ஒரு புட்டி! அது 5 லட்சத்து 58 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. அதை எந்த மேஜையில் வைப்பது? யாருக்கு ஊற்றுவது? ஊற்றினால் ஒரு வாய்க்கு எத்தனை ஆயிரம் டாலர் என்று விருந்தாளி கணக்குப் போடுவாரா, ருசி பார்ப்பாரா?

பர்கண்டியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சின்னச் சின்னத் தோட்டத் துண்டுகள், தனித்தனிப் பெயரோடு இருக்கின்றன. 2015-ல் இவற்றையும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. விலை ஏற ஏற, பெயர் பெற்ற தோட்டங்கள் சில பெரிய கோடீசுவரர்களின் கைக்குப் போகின்றன. உள்ளூர் மனிதன் தன் ஊர் ஒயினைத் தன் நண்பனுக்கு வைக்க முடியாத நிலை வந்தால், 'எந்த மண்ணோ அந்த ஒயின்' என்ற விதிக்கு என்ன அர்த்தம்? பெயர் பெறாத பக்கத்துக் கிராமத்தானின் புட்டியை வாங்கி வைக்கிறவன் அந்த விதியையும் காப்பாற்றுகிறான், பக்கத்துக் கிராமத்தானையும் காப்பாற்றுகிறான்.

ஒரு கணக்கு

இப்போது இன்னொரு கணக்கு.

விருந்துக்கு முன் கீர் ஒரு கிளாஸ். நத்தைக்கு ஒரு கிளாஸ். குழம்புக்கு ஒரு கிளாஸ். பாலாடைக் கட்டிக்கு ஒரு கிளாஸ். ஆளுக்கு நாலு கிளாஸ் ஆகிறது. பிரான்சின் பொதுச் சுகாதார இலாகா 2017-ம் ஆண்டில் சொன்ன யோசனை என்ன? ஒரு நாளைக்கு இரண்டு கிளாசுக்கு மேல் வேண்டாம்; வாரத்துக்குப் பத்துக்கு மேல் வேண்டாம்; தினமும் வேண்டாம். 2023-ம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. உடம்புக்கு ஆபத்து இல்லாத மதுவின் அளவு என்று ஒன்று கிடையவே கிடையாது என்று அது சொன்னது. மது புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள்களில் ஒன்று.

கார் ஓட்டி வீடு திரும்புகிறவருக்கு நிலைமை இன்னும் கடுமை. பிரான்சில் ஒரு லிட்டர் ரத்தத்தில் அரை கிராம் ஆல்ககால் இருந்தால் போலீஸ் விடாது. இரண்டு கிளாஸ் குடித்தாலே அந்த எல்லையைத் தொட்டு விடலாம்.

ஆகவே, 'ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளாஸ்' என்பதை அப்படியே கடைப்பிடிக்கிற வீட்டுக்காரர், விருந்தாளியின் உடம்புக்கும் உயிருக்கும் தீங்கு தேடுகிறார். விவரம் தெரிந்தவர்கள் என்ன செய்கிறார்கள்? அரைக் கிளாசுக்கும் குறைவாக, ருசி பார்க்கிற அளவுக்கு ஊற்றுகிறார்கள். தண்ணீர்க் கூஜாவை மேஜையின் நடுவில் வைக்கிறார்கள். காலியான கிளாசைக் கண்டதும் பாய்ந்து போய் நிரப்புவது இல்லை. தூரத்தில் இருந்து வந்தவருக்குப் படுக்கை போடுகிறார்கள்.

"ஒரு வாய்தானே, எனக்காகச் சாப்பிடுங்கள்" என்று வற்புறுத்துவது உபசாரம் அல்ல. வேண்டாம் என்றவரை ஏன் என்று நாலு பேர் முன்னால் கேட்பதும் தவறு. ஒருவர் மத நம்பிக்கையால் குடிக்காதவராக இருக்கலாம். ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கலாம். இன்னொருவர் குடியால் குடும்பத்தைக் கெடுத்து, அரும்பாடுபட்டு அதை விட்டவராக இருக்கலாம். அவருக்கு அந்த 'ஒரு வாய்' எவ்வளவு பெரிய விபரீதம்!

குழம்பைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். ஒயின் கொதித்தால் ஆல்ககால் முழுவதும் ஆவியாகிப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. மணிக் கணக்கில் கொதித்தாலும் கொஞ்சம் தங்கும். பர்கண்டிச் சமையலில் குழம்பிலும் ஒயின், பேரிக்காயிலும் ஒயின். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களும் உண்டு, பன்றி இறைச்சி தொடாதவர்களும் உண்டு. எனவே அழைக்கும்போதே "உங்களுக்கு ஆகாதது எது?" என்று கேட்டு வைப்பதுதான் முறை. கேட்பதில் வெட்கம் இல்லை. மேஜைக்கு வந்த பிறகு ஒருவர் வெறும் ரொட்டியைக் கடித்துக் கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வெட்கம்.

பிரெஞ்சுக்காரர்களே மாறினார்கள்

ஒயின் இல்லாத பிரெஞ்சு விருந்தா என்று சிலர் கேட்பார்கள். பிரெஞ்சுக்காரர்களே எவ்வளவோ மாறி விட்டார்கள்.

ஒரு காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே மத்தியானச் சாப்பாட்டில் தண்ணீர் கலந்த ஒயின் கொடுத்த நாடு அது! 1954-ல் பிரதம மந்திரியான பியேர் மெந்தெஸ் பிரான்சு, குடியின் கேட்டைக் குறைக்கப் புறப்பட்டார். பலர் பார்க்கத் தாமே பால் குடித்தார். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க ஏற்பாடு செய்தார். அவரைக் கேலி செய்தார்கள். ஆனால் 1956-ல், 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சாப்பாட்டில் மது கூடாது என்று உத்தரவு வந்தது. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கும் 1981-ல் நின்றது. 1991-ல் மது விளம்பரங்களுக்குச் சட்டம் கடிவாளம் போட்டது.

1960-ம் ஆண்டு வாக்கில் ஒரு பிரெஞ்சுக்காரர் வருஷத்துக்குச் சராசரி நூறு லிட்டருக்கு மேல் ஒயின் குடித்தார். இன்று அதில் பாதி கூட இல்லை. விருந்துகள் நின்று விட்டனவா? இல்லை. இப்போது காசிஸ் பழச் சாற்றைக் குளிர்ந்த சோடாவில் கலந்து, கீர் குடிக்காதவர் கையில் அதே மாதிரி கிளாசில் கொடுக்கும் வீடுகள் இருக்கின்றன. நிறமும் அதே நிறம். யார் கையில் எது இருக்கிறது என்று யாரும் உற்றுப் பார்ப்பது இல்லை.

பன்னிரண்டு மணிக்கு விருந்தாளிகள் விடை பெறுகிறார்கள். வாசலில் நின்று இன்னும் பத்து நிமிஷம் பேச்சு. வீட்டுக்காரி மிஞ்சிய குழம்பை மூடி வைக்கிறாள். அது நாளை மத்தியானத்துக்கு ஆகும். புட்டிகளில் அடியில் தங்கிய ஒயினைக் கொட்டுவது இல்லை. பர்கண்டி வீடுகளில் சமையல் அறையின் மூலையில் பழைய காடி ஜாடி ஒன்று இருக்கும். மிச்சத்தை அதில் ஊற்றி மூடுகிறாள். சில வாரத்தில் அது புளித்துக் காடியாகும். அடுத்த தடவை அதே நண்பர்கள் வரும்போது, கீரைப் பச்சடிக்கு ஊற்ற அதுதான் வரப்போகிறது.